வாசகர் கேள்வி – பதில்: போர் பாதித்த பிள்ளைகளைப் படிப்பிக்க முன்வருவோருக்கு

அப்பாவின் ஆண்டுத் திவசத்தை ஒட்டி, முல்லைத்தீவில் போரில் தாய் தகப்பனை இழந்த சிறு பிள்ளை ஒன்றின் படிப்பைப் பொறுப்பெடுக்க விரும்புகிறோம். ஐந்தாறு வயதென்றால் நல்லது. எப்படித் தேடுவது?
– வாசகி, டொரன்டோ

போர் முடிந்தது 2009 மே மாதம். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவரே இன்று உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு) படிக்கிற வயதிலோ, அதைத் தாண்டியோ நிற்கிறார். ஆகவே "போரில் பெற்றோரை இழந்த ஐந்து வயதுப் பிள்ளை" என்று யாராவது இப்போது படம் அனுப்பினால் விவரத்தைத் தீர விசாரியுங்கள். காலிழந்த தகப்பனுக்கும் வருமானமில்லாத தாய்க்கும் பிறந்த சின்னப் பிள்ளைகள் வன்னியில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவுவது நல்ல காரியம், ஆனால் அதை அந்தப் பெயரிலேயே செய்யுங்கள்.

இலங்கையில் அரச பாடசாலைக்குக் கட்டணம் இல்லை, பாடநூலும் சீருடைத் துணியும் அரசே கொடுக்கிறது. காசு இல்லாமல் படிப்பு முறிவது பெரும்பாலும் 16 வயதுக்குப் பிறகுதான். பெற்றோரில்லாத இளையோருக்கு உங்கள் உதவி அதிகம் பயன்படுவதும் அந்த வயதில்தான்.

பாடசாலை அதிபர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சிறுவர் இல்லத்துப் பிள்ளையென்றால் நன்னடத்தை அலுவலர், இவர்கள் மூலம் தேடுங்கள். அதிபரின் கடிதம் ஒன்று, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஒன்று என இரண்டு இடத்திலிருந்து தகவல் வரட்டும். வேறு யாராவது ஏற்கெனவே உதவுகிறார்களா என்றும் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மூன்று பேர் காசு அனுப்ப, பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு ஒருவருமில்லை என்ற நிலை பல பாடசாலைகளில் உண்டு.

மாதம் எவ்வளவு அனுப்பினால் போதும்? எத்தனை வருடத்துக்கு?
– வாசகர், இலண்டன்

தொகையை விடக் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். "உயர்தரம் வரை" என்று ஒப்புக்கொள்வதுதான் வழக்கம். பிள்ளைகள் விழுவது அந்த எல்லைக்கு அப்பால்.

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான இசட் புள்ளி வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகத்தில் பதிவு நடக்க ஒரு வருடம்கூட ஆகிவிடும். அந்த இடைவெளியில் உதவி நின்றால் பெடியன் கடைக்கு வேலைக்குப் போவான், பிள்ளை தையல் தொழிற்சாலைக்குப் போவாள். வேலைக்குப் போன பிறகு வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு கடனும் ஏறிவிடும். அனுமதிக் கடிதம் வரும்போது திரும்பி வர வழியிருக்காது. சிறுவர் இல்லத்தில் வளர்பவருக்கு நிலைமை இன்னும் கடினம். 18 வயதோடு இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். உயர்தரப் பரீட்சை வருவதும் அந்த வயதை ஒட்டித்தான். தங்க இடமே தேடவேண்டிய நேரத்தில் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? அவருக்கு முதலில் தேவை விடுதி வாடகை.

இன்னொன்று, பல்கலைக்கழக அனுமதிக்காகப் பாடசாலை மூலமும் தனிப்பட்ட முறையிலுமாக உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். விஞ்ஞானம், கணிதப் பிரிவுகளில் இரண்டாம் தடவையில் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவாகிறவர்கள் ஏராளம். இரண்டாம் தடவைக்கும் உதவுவீர்களா என்பதை முதல் பரீட்சைக்கு முன்னரே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அந்த நிச்சயம் இருந்தால் பரீட்சைப் பயம் பாதி குறையும்.

மாதச் செலவைப் பிள்ளையையே எழுதித் தரச் சொல்லுங்கள். பாடவாரியாக ரியூசன் காசு, பஸ், கடந்தகால வினாத்தாள்கள், செருப்பு, கண்ணாடி, பெண்பிள்ளையென்றால் மாதவிடாய்த் துவாய். கேட்க வெட்கப்படுகிற பொருட்களை நீங்களே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ரூபாயில் ஒரு தொகையை நிர்ணயித்துப் பல வருடம் அப்படியே விடக்கூடாது. 2022 நெருக்கடியில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் ஒரு பாடத்துக்கு ரியூசனை நிறுத்தியே சமாளித்தார்கள். வருடத்துக்கொரு தடவை கணக்கைத் திருத்துங்கள். மூன்று மாதத் தொகையை ஒதுக்கியும் வையுங்கள். உங்களுக்கு வேலை போனாலும் பிள்ளைக்கு மாற்று ஆள் தேட அவகாசம் கிடைக்கும்.

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. தகுதி உள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், ஆனால் பதிவு செய்த உடனே அது கைக்கு வராது. அறை முற்பணம், மெத்தை, மடிக்கணினி எல்லாம் முதல் மாதத்திலேயே வேண்டும். மாதத் தொகையோடு, நுழையும் நாளுக்கென ஒரு மொத்தத் தொகையையும் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசைப் பிள்ளையின் கணக்குக்கே நேரே போடலாமா?
– வாசகர், பாரிஸ்

18 வயதுக்குக் குறைந்தவரின் சிறுவர் சேமிப்புக் கணக்கு என்றால், போடுவது எளிது, எடுப்பது கடினம். பொதுவாகப் பிள்ளை பராயமடையும் வரை பணம் உள்ளேயே கிடக்கும். மாதச் செலவுக்கு, பாதுகாவலரின் பெயரில் இதற்கென்றே தனிக் கணக்கு ஒன்று திறக்கச் சொல்லுங்கள். மாமியின் வீட்டுச் செலவும் பிள்ளையின் ரியூசன் காசும் ஒரே புத்தகத்தில் கலந்தால், மாமி நேர்மையானவராக இருந்தாலும் கணக்குப் பிடிபடாது. 18 ஆனதும் பிள்ளை தன் அடையாள அட்டையோடு போய்த் தன் பெயரில் கணக்கைத் திறக்கட்டும். அதன் பிறகு காசு அவருக்கே போகவேண்டும்.

அமைப்பு மூலம் அனுப்புகிறவர்கள் அதன் பதிவு இலக்கத்தையும் கடைசி வருடக் கணக்கறிக்கையையும் கேளுங்கள். பிரித்தானியாவில் பதிவு செய்த அறக்கட்டளைக்கு வரி செலுத்துபவர் ஒரு பவுண் கொடுத்தால், 'கிஃப்ட் எய்ட்' மூலம் அமைப்பு அரசிடமிருந்து 25 பென்ஸ் மீளப் பெறலாம். தனியாளுக்கு அனுப்பும் காசுக்கு அது கிடையாது.

என் வகுப்பு மாணவிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தகப்பனைக் காணவில்லை. உதவி கேட்ட இடத்தில் தகப்பனின் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, கிளிநொச்சி

இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்ததா, பிறப்பே பதியப்படவில்லையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைந்தது என்றால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் பெயர், பிறந்த திகதி, இடம், பெற்றோர் பெயர் கொடுத்துத் தேடுவித்துப் பிரதி எடுக்கலாம். பதியப்படவில்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரமே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்கு இந்தச் சான்றிதழ்களில் ஒன்று வேண்டும். பத்தாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். பதினோராம் ஆண்டில் தொடங்கினால் பரீட்சை நெருங்கும்போது ஓடித்திரிய நேரிடும்.

மரணச் சான்றிதழ் கேட்பது தவறு. காணாமற்போனவருக்குக் 'காணப்படாமைச் சான்றிதழ்' பெறும் வழியை 2016இல் சட்டம் ஏற்படுத்தியது. அதையோ கிராம அலுவலரின் கடிதத்தையோ உதவுகிறவர்கள் ஏற்கவேண்டும். ஒரு படிவத்தை நிரப்புவதற்காக, கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திடும்படி எந்தத் தாயையும் நெருக்கவேண்டாம். பல தாய்மார் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாங்கள் உதவும் பெடியன் சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையவில்லை. நிறுத்துவதா?
– வாசகர், மெல்பேர்ன்

நிறுத்தவேண்டாம். பெறுபேறு எப்படியிருந்தாலும் தொழில்சார் பாடங்களோடு பாடசாலையில் தொடர, 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் சில பாடசாலைகளில் இருக்கிறது. வெளியே, தேசிய தொழில் தகைமை எனப்படும் என்.வி.கியூ. சான்றிதழுக்குப் படிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் வாகனம், மின், உணவு போன்ற துறைகள் உண்டு. நான்காம் மட்டம் கைத்தொழிலாளருக்கானது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். கணிதத்தில் விழுந்தவருக்கும் மேலே ஏற ஏணி இருக்கிறது.

உபகரணம், பாதுகாப்புச் சப்பாத்து, பஸ் இவைதான் செலவு. கடைசியில் வரும் தொழில்தளப் பயிற்சியைக் கவனியுங்கள். பயிற்சி இடம் கொழும்பில் கிடைத்தால் தங்க இடமில்லாமல் அங்கேயே கைவிடுகிறவர்கள் உண்டு. அந்த மாதங்களுக்கு அறை வாடகை கொடுங்கள்.

பிள்ளையோடு கிழமைக்கொரு தடவை வீடியோவில் பேசலாமா? படங்கள் கேட்கலாமா?
– வாசகி, ஒஸ்லோ

சிறுவராயின் பாடசாலையோ அமைப்போ இடையில் இருக்கட்டும். தனிப்பட்ட இலக்கம் வேண்டாம். தவணைக்கொரு தடவை தேர்ச்சி அறிக்கையும் வரவு விவரமும் கேளுங்கள். புள்ளி குறைவதற்கு முன்பே வரவு குறையும். உயர்தரத்துக்குத் தோற்றப் பாடசாலை வரவு 80 வீதம் வேண்டும் என்பதால் வரவு சரிந்தவுடனேயே அதிபரிடம் காரணம் கேளுங்கள். பஸ் காசா, தம்பியைப் பார்க்கவேண்டிய நிலையா, காதில் குறையா என்று அங்கே தெரியும். உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவர், கேட்கும் திறன் குறைந்தவர் என்றால், மேலதிக நேரத்துக்கான கோரிக்கையைப் பரீட்சை விண்ணப்பத்தோடேயே மருத்துவ அறிக்கை சேர்த்து அனுப்பவேண்டும்.

காசோலையைக் கையில் பிடித்து நிற்கும் படம் வேண்டாம். பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்று கடிதத்தில் எழுதக் கேட்கவும் வேண்டாம். எந்தப் பாடம் பிடிக்கும், எந்த ஆசிரியர் நன்றாகப் படிப்பிக்கிறார், இவற்றைக் கேளுங்கள். பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை, காசு மாதத் தொடக்கத்தில் தவறாமல் போகட்டும்.