காலித் துப்பாக்கி எத்தனை முறை ‘க்ளிக்’ என்னும்?

கேள்வி: போர்க்களக் கதை ஒன்று எழுதுகிறேன். தோட்டா தீர்ந்துபோன வீரன் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த, ‘க்ளிக், க்ளிக், க்ளிக்’ என்று சத்தம் வருகிறது. ராணுவ ரைஃபிளில் இப்படி நடக்குமா?

பதில்: நடக்காது. மிஞ்சிப்போனால் ஒரே ஒரு க்ளிக். சில ரைஃபிள்களில் அதுவும் கிடையாது.

விசைக்கு வேலை கொஞ்சம்தான். ஸ்பிரிங் அழுத்தத்தோடு பின்னால் சாய்ந்து நிற்கும் சுத்தியலை ஒரு கொக்கி பிடித்து வைத்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி விலகும். சுத்தியல் ஊசியை அடிக்க, ஊசி தோட்டாவின் அடியிலுள்ள ‘பிரைமர்’ என்ற சிறு தீமூட்டியைக் குத்த, மருந்து பற்றிக்கொள்ளும். விழுந்த சுத்தியலைத் திரும்பச் சாய்ப்பது விரல் இல்லை. ஏகே-47இல், பேரலுக்குள் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் வாயுவில் ஒரு பங்கு, மேலே உள்ள துளை வழியாகப் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த போல்ட் கேரியர், அதாவது பேரலின் பின்வாயை மூடும் ‘போல்ட்’டைச் சுமக்கும் பாகம், பின்னால் பாயும். காலிக் கூடு வெளியே தெறிக்கும். போகிற போக்கில் சுத்தியலும் சாய்ந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். திரும்பி வரும்போது போல்ட் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும்.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகும் ஏகேயில் போல்ட் முன்னால் வந்து மூடிவிடும். உள்ளே எதுவும் இருக்காது. சுத்தியல் தயாராக இருப்பதால் ஒரு க்ளிக் கேட்கும். அடுத்த முறை விசை வெறுமனே ஆடும், அவ்வளவுதான்.

அமெரிக்க ரைஃபிளான எம்16 வேறு மாதிரி. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசின் காலியானதும் அதன் உள்தட்டு ஒரு தடுப்பை உயர்த்தி, போல்ட்டைப் பின்னாலேயே நிறுத்திவிடும். அந்த க்ளிக்குக்கே வழியில்லை. இரண்டாம் உலகப் போர்க் கதை என்றால் எம்1 காரண்ட் இன்னும் சுவாரசியம்: 8 தோட்டா தீர்ந்ததும், அவற்றைப் பிடித்திருந்த உலோகக் கிளிப்பை ‘டிங்’ என்று வெளியே எறியும். போல்ட்டைக் கையால் இயக்கும் பிரிட்டிஷ் ரைஃபிளான லீ என்ஃபீல்டிலும் ஒரு க்ளிக்தான். இன்னொன்று வேண்டுமானால் போல்ட்டைத் திறந்து மூட வேண்டும், அல்லது பின்னாலிருக்கும் குமிழைக் கையால் இழுக்க வேண்டும்.

மூன்று க்ளிக் வேண்டியே தீரும் என்றால், பாத்திரத்தின் கையில் வெப்லி ரிவால்வரைக் கொடுங்கள். அதில் விசையின் இழுப்பே சுத்தியலைத் தூக்கி விடும்.

ஏகேயையே வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி உண்டு. தோட்டா தீர்ந்தாலும், உள்ளே இருப்பது வெடிக்காத தோட்டாவானாலும் கேட்பது அதே ஒற்றை க்ளிக்தான். வலப்பக்கக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கும்வரை உங்கள் வீரனுக்கு எது என்று தெரியாது.