மெர்சோ கடலில் நீந்துகிறானே!

கேள்வி: காம்யுவின் 'அந்நியன்', காஃப்காவின் 'உருமாற்றம்', சார்த்தரின் 'குமட்டல்' மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வாசித்தேன். அன்று முதல் நண்பர்கள் நடுவில் இருந்தாலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல் படுகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. 'அந்நியன்' நாயகனைப்போல நானும் ஒரு மெர்சோதானா? வாசிப்பை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் மெர்சோ என்று பட்டம் சூட்டிக்கொள்ளும் முன் 'அந்நியன்' நாவலை இன்னொரு தரம் புரட்டுங்கள். அம்மாவின் சவ அடக்கத்தில் அவன் அழவில்லை. பால் விட்ட காபி குடித்தான், சிகரெட் பிடித்தான். எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான். பின்னால் அவன் செய்த ஒரு கொலையை விசாரித்த நீதிமன்றமும் இதையேதான் பிடித்துக்கொண்டது. ஆனால் மறுநாளே அவன் கடலில் நீந்துகிறான். காதலி மரியின் கூந்தல் விட்டுப்போன உப்பு வாசனையைத் தலையணையில் தேடுகிறான். அலுவலகத்தில் கை துடைக்கும் துண்டு சாயங்காலத்துக்குள் ஈரமாகிவிடுகிறதே என்பதுகூட அவனுக்கு ஒரு விஷயம்! வெயிலோடும் தண்ணீரோடும் நன்றாகவே ஒட்டியிருக்கிறான். அவனால் முடியாதது, மனதில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது மட்டும்தான். பொய் சொல்ல மறுப்பவன் என்றுதான் காம்யுவும் பின்னாளில் அவனைப் பற்றி எழுதினார்.

'உருமாற்றம்' நாயகன் சாம்சாவின் கதை வேறு. பூச்சியாகக் கண்விழித்தவனுக்கு 5 மணி ரயிலை விட்டுவிட்டோமே என்ற பதற்றம். ஐந்து வருட வேலையில் ஒருநாள்கூட நோய் என்று படுத்ததில்லை. பெற்றோரின் கடன் தீரும்வரை வேலையை விடவும் முடியாது. உடம்பு மாறியது அன்றைக்குத்தான், அவன் அந்நியமானது எப்போதோ. வேலைக்கு வெளியேதான் தொழிலாளி தன்னைத் தானாக உணர்கிறான் என்று மார்க்ஸ் 1844இல் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் படிகள் அச்சானது 1932இல். 1924இலேயே இறந்துவிட்ட காஃப்கா அவற்றைப் பார்த்திருக்க வழியில்லை. காப்பீட்டு அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்த அனுபவமே அவருக்குப் போதுமாக இருந்தது போலும்.

'குமட்டல்' (1938) வேறு வகை. பூங்காவில் ஒரு மரத்தின் வேரைப் பார்த்து, இது ஏன் இருக்கிறது என்று ஒருவன் மிரண்டுபோகிறான். சார்த்தர் முதலில் வைத்த தலைப்பு 'மெலன்கோலியா'. பதிப்பாளர் மாற்றச் சொன்னார். நல்லவேளை, பழைய தலைப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் இன்னும் பயந்திருப்பீர்கள்.

சரி, உங்கள் கண்ணாடித் தடுப்பு எங்கே இருக்கிறது? வேலை நேரத்தில் மட்டும் என்றால் நீங்கள் சாம்சாவின் கட்சி. மாற்ற வேண்டியது வேலையையோ வேலை நேரத்தையோ. நண்பர்களிடம் நடிப்பது அலுத்துவிட்டதென்றால், ஒருவரிடமாவது நடிக்காமல் பேசிப் பாருங்கள். ஆனால் குளியல், சாப்பாடு, தூக்கம் எதிலுமே வாரக்கணக்கில் ருசி இல்லையென்றால் அது மெர்சோ இல்லை, மனித இருப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் இருத்தலியல் தத்துவமும் இல்லை. தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், காம்யுவை 'அந்நியன்' நாவலோடு விட்டுவிடாதீர்கள். 1947இல் வந்த 'கொள்ளை நோய்' நாவலையும் எடுங்கள். ஊரே மூடிக் கிடக்கும்போது மருத்துவர் ரியூவும் தாருவும் ஓர் இரவு கடலுக்குப் போய், ஒன்றும் பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் நீந்துவார்கள். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.