பொதுக் கருத்துரையைச் சட்டமாக மேற்கோள் காட்டலாமா?

வணக்கம். ஐ.நா. மனித உரிமைக் குழுவின் 36ஆம் பொதுக் கருத்துரையை ஆய்வேட்டில் ‘சட்டம்’ என்று எழுதியதை நெறியாளர் அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். நாடுகளைக் கட்டுப்படுத்துவது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கையின் 6ஆம் உறுப்பு (வாழ்வுரிமை); கருத்துரை அதற்குக் குழு தரும் விளக்கம்.

அதற்காகக் கருத்துரையைத் தூக்கிவிடாதீர்கள், வீணாகிவிடும். தியாலோ வழக்கில் (2010) இந்தக் குழுவின் விளக்கத்துக்குப் பெரும் மதிப்பு தர வேண்டும் என்றது சர்வதேச நீதிமன்றம். ஆனால் கத்தார் – ஐக்கிய அரபு அமீரக வழக்கில் (2021), இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவின் விளக்கத்தை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். உங்கள் அத்தியாயத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எழுதும்போது முதலில் உறுப்பின் சொற்கள், அடுத்து ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புப்படி பொருள்கோடல், அதன் பிறகே கருத்துரை, பத்தி எண்ணோடு. ‘குழு கட்டளையிடுகிறது’ என்று எங்கேயும் வேண்டாம். ‘குழு இவ்வாறு பொருள்கொள்கிறது’ என்றே எழுதுங்கள்.