பெயிண்ட் முடிஞ்சுது, டயர் எப்போ?

கேள்வி: அக்கா, பல வருஷமா ஓடாம கிடந்த 1993 மாடல் ஹோண்டா சிபிஆர் 600 பைக் ஒண்ணை கம்மி விலைக்கு வாங்கி, ஒரு வருஷமா நானே கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிட்டு இருக்கேன். நாலு கார்புரேட்டரையும் கழட்டி கிளீன் பண்ணியாச்சு, வண்டியை மூடியிருக்கிற ஃபேரிங்குக்கு ஒரிஜினல் கலர்லயே பெயிண்ட் அடிச்சாச்சு, புது சைலென்சர் ஒண்ணும் வாங்கி வச்சிருக்கேன், இன்னும் மாட்டல. டயர் பழசுதான், 2309னு போட்டிருக்கு, ஆனா பட்டன் நல்லாவே இருக்கு, கையில காசு வந்ததும் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா என் 9 வயசுப் பொண்ணைப் பின்னாடி உக்கார வச்சு மெதுவா ஒரு ரவுண்டு போவேன், அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். மனைவிதான் வித்துடுங்க வித்துடுங்கன்னு தினமும் சண்டை. என் ஆசையை அவளுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

பதில்: தம்பி, அந்தப் புரிய வைக்கிற வேலைக்கு நான் வரல. பழைய பைக், கம்மி காசு, வீட்ல சண்டைன்னு எனக்கு நிறைய கடிதம் வருது, எல்லாரும் மனைவியை எப்படிச் சம்மதிக்க வைக்கிறதுன்னுதான் கேக்கறாங்க. உங்க கடிதத்துல எனக்கு அந்த டயர் வரியைத் தாண்டிப் போகவே முடியல.

2309னா 2009ஆம் வருஷம் 23ஆவது வாரம், ஜூன் மாசம் முதல் வாரத்துல செஞ்ச டயர். உங்க பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே செஞ்ச ரப்பர் மேல அவளை உக்கார வச்சு ஓட்டிட்டு இருக்கீங்க, அதை ஏதோ கண்ணாடி கீறல் மாதிரி போற போக்குல எழுதிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டீங்க.

பட்டன் நல்லா இருக்குன்னா அந்த டயர் அதிகம் ஓடலைன்னு அர்த்தம், ரோட்டைப் பிடிக்கும்னு அர்த்தம் இல்ல. சும்மா நின்ன டயர்கூட காத்து, வெயில், சூடு பட்டு வருஷா வருஷம் இறுகிப் போகும். விரல் நகத்தால அழுத்திப் பாருங்க, புது ரப்பர் கொஞ்சம் உள்ள போய்த் திரும்பும், உங்களோடது பெரும்பாலும் பிளாஸ்டிக் மாதிரி நிக்கும். பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. டயர் கம்பெனிக்காரங்களே அஞ்சு வருஷம் தாண்டினா வருஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணச் சொல்றாங்க, பத்து வருஷம் ஆச்சுன்னா பாக்க எவ்வளவு நல்லா இருந்தாலும் கழட்டிடச் சொல்றாங்க. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி, மேல ரெண்டு பேரு, ரோட்டைத் தொடறது ரெண்டு உள்ளங்கை அளவு இடம் மட்டும்தான்.

மெதுவாப் போவேன்னு சொல்றீங்க. குறுக்க ஒரு நாய் வந்தா நீங்க மெதுவாவா பிரேக் பிடிப்பீங்க? சக்கரம் லாக் ஆகாம தடுக்கிற ஏபிஎஸ் அந்த வண்டியில கிடையாது, ஈர ரோட்டுல இறுகின டயர் சட்டுனு லாக் ஆகும், முன் சக்கரம் லாக் ஆச்சுன்னா பிடிச்சு நிறுத்த நேரமே இருக்காது, அது எந்த வேகத்துல போனாலும் அப்படித்தான்.

இன்னொண்ணு. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், பிரேக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. பல வருஷம் கிடந்த வண்டியில முதல்ல கை வைக்க வேண்டிய இடமே அதுதான். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், டாட் 4ங்கற ரக ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கணும், ஈரம் ஏறினா அந்த அளவு 155க்கு இறங்கிடும், இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிச்சு சூடாகி ஆயில் கொதிச்சா லீவர் வெறுமனே கைக்குள்ள வந்துடும். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பரைக் கழட்டி பிஸ்டனைச் சுத்தம் பண்ணி சீல் மாத்துங்க, 1993ல வந்த, பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் இன்னும் இருந்தா தூக்கிப் போடுங்க. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கோட சீல் ஒழுகுதான்னு பாருங்க, அந்த ஆயில் வழிஞ்சு டிஸ்க்ல பட்டா பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். வீல் பேரிங், ஹேண்டில் பேரிங், செயின், எல்லாம் இதுக்கு அப்புறம்.

காசு இல்லைன்னு சொல்றீங்க, எனக்கு அது சரியாப் படல. பெயிண்டுக்குக் காசு இருந்துச்சு, சைலென்சருக்கு இருந்துச்சு. வண்டியை நிறுத்தி வச்சா நாலு பேரு பாக்கறதுக்கு முதல்ல செலவு பண்ணீங்க, பொண்ணு உயிரோட வீடு திரும்பறதுக்கு வேண்டியதைக் கடைசியில வச்சீங்க. இப்படிச் சொல்றது கடுமையா இருக்கும், இருக்கட்டும். அப்பான்னு ஆயிட்டா செலவுல எது முதல்ல எது அப்புறம்ங்கறதை நம்ம ஆசை முடிவு பண்ணக் கூடாது, பின்னாடி உக்காந்து இடுப்பைப் பிடிச்சிருக்கிற குழந்தைதான் முடிவு பண்ணணும். உங்க மனைவிக்கு 2309னா என்னன்னு தெரியாம இருக்கலாம், ஆனா வீட்டுக்கு எது முதல்ல வந்துச்சுன்னு அவங்க பாத்துட்டுதான் இருக்காங்க. இந்தக் கோவத்துல நான் முழுசா அவங்க பக்கம்.

இதுக்காக வண்டியை வித்துடுங்கன்னு சொல்ல மாட்டேன். கையால ஒரு பழைய மெஷினுக்கு உயிர் கொடுக்கிறது நல்ல வேலை, நாலு கார்புரேட்டரை நீங்களே பிரிச்சு மாட்டினது சாதாரணம் இல்ல. கார்புரேட்டரை இன்ஜினோட சேர்க்கிற இன்டேக் ரப்பர்ல வெடிப்பு இருந்தா அதையும் மாத்திட்டு வேக்குவம் கேஜ் வச்சு நாலும் ஒரே அளவா இழுக்கிற மாதிரி சிங்க் பண்ணுங்க, வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி, அதான் வால்வ் கிளியரன்ஸ், பாருங்க, டைட்டான வால்வ் சத்தமே போடாம எரிஞ்சு போகும். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி வச்சு பேட்டரியில வோல்டேஜ் பாருங்க, 13.5ல இருந்து 14.5க்குள்ள இல்லைன்னா கரண்ட் தயாரிக்கிற ஸ்டேட்டரையோ அதைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரையோ சந்தேகப்படணும். சிக்கனம் பண்ண இடமா இல்ல? லீவர், ஃபுட்ரெஸ்ட், ஸ்விட்ச், ஃபேரிங் பீஸ், டேங்க் மூடி எல்லாம் உடைச்ச வண்டியில இருந்து பழசு வாங்கலாம், சக்கரத்தை நீங்களே கழட்டி கடைக்கு எடுத்துட்டுப் போனா கூலி மிச்சம். டயர், பிரேக் பேட், ஹோஸ், சீல் இந்த நாலையும் மட்டும் பழசு வாங்கவே வாங்காதீங்க.

பொண்ணை இந்த ஞாயித்துக்கிழமை ஏத்தாதீங்க. அழுதா அழட்டும், அம்மா வேண்டாம்னு சொல்றான்னு மட்டும் சொல்லிடாதீங்க, வண்டி இன்னும் ரெடி ஆகல, அப்பாதான் வேலையை முடிக்கலன்னு சொல்லுங்க. திரும்ப ஏத்தறப்போ அவ கால் ஃபுட்ரெஸ்ட்ல நல்லா ஊணணும், ஹெல்மெட் அவ தலை அளவுக்கு வாங்கினதா இருக்கணும், உங்களோட பழைய ஹெல்மெட்டைக் கட்டி விடறது வேண்டாம். மனைவிகிட்ட ஆசையைப் பத்திப் பேச வேண்டாம், இதுவரைக்கும் ஆன செலவை ஒளிக்காம எழுதிக் காட்டுங்க, இனிமே வாங்க வேண்டியதை வரிசையாப் போட்டு, வீட்டுச் செலவு போக மாசம் எவ்வளவு எடுக்கலாம்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க, சொன்ன தொகைக்கு மேல எடுக்காதீங்க.

சைலென்சரை மாட்டவே இல்லைன்னா திருப்பிக் கொடுங்க, வாங்க மாட்டேன்னா வித்துடுங்க. அந்தக் காசுல மேனுவல்ல போட்டிருக்கிற சைஸ்ல முன்னும் பின்னும் ஒரே ஜோடியா டயர் வாங்குங்க, கடையில வச்சே தேதியைப் படிச்சுட்டு வாங்குங்க. புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரைக்கும் வழுக்கும், அதை நீங்க தனியா ஓட்டி முடிங்க.