சைக்கிளில் தொலைத்த எட்டு நிமிடம்

கேள்வி: எனக்கு 36 வயது. வங்கியில் வேலை. பள்ளி நாட்களில் விளையாட்டுப் பக்கமே போனதில்லை. இரண்டு வருடமாகத்தான் நீச்சல், சைக்கிள், ஓட்டம் எல்லாம். போன மாதம் முதல்முறையாக ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானை, அதாவது மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டியின் குறுகிய வடிவத்தை, முடித்தேன். 750 மீட்டர் நீச்சல் 22 நிமிடம், 20 கிலோமீட்டர் சைக்கிள் 46 நிமிடம். அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். 5 கிலோமீட்டர் ஓட்டம் மானத்தை வாங்கிவிட்டது. 41 நிமிடம்! தனியாக ஓடினால் 33 நிமிடத்தில் முடிப்பேன். வாரம் மூன்று நாள், விடிகாலை ஐந்தரைக்கு, திருவான்மியூர் கடற்கரைச் சாலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஒவ்வொரு முறையும் 35 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். ஆறு மாதமாக வேகம் ஏறவே இல்லை. முன்கால் எலும்பு ஓரமாக வலி வேறு. "வேகமா ஓடணும்னா வேகமா ஓடிப் பழகு" என்கிறார் கணவர். தோழி ஒருத்தி இருபதாயிரம் ரூபாய்க்கு கார்பன் தட்டு வைத்த ஷூ வாங்கச் சொல்கிறாள். ஜனவரியில் அடுத்த போட்டி. என்ன செய்யட்டும்? என் கைக்கடிகாரத்தில் பதிவான கணக்கையும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, சென்னை-41)

பதில்: கடிகாரக் கணக்கை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. கடிதத்தில் இல்லாத விஷயம் எல்லாம் அதில் இருக்கிறது. போட்டியில் நீங்கள் ஓடிய ஐந்து கிலோமீட்டரும் வரிசையாக இப்படி: 6:20, 7:30, 8:50, 9:30, 8:50. தனியாக ஓடும்போது உங்கள் மிக நல்ல நேரமே 33 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 6:36. நீந்தி, சைக்கிள் மிதித்து, 75 நிமிடம் உழைத்த பிறகு முதல் கிலோமீட்டரை அதைவிட வேகமாக ஓடியிருக்கிறீர்கள்! அடுத்த நான்கு கிலோமீட்டரும் அதற்குக் கட்டிய வட்டி.

இது உங்கள் தவறு மட்டும் இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் வேகத்தைப் பற்றிக் கால் சொல்வதை நம்பவே முடியாது. முக்கால் மணி நேரம் காற்று முகத்தில் அடிக்க மணிக்கு 26 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தவருக்கு, மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் என்பது நிற்பது போலத் தெரியும். கால்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும், 'ஐயோ, ரொம்ப மெதுவாகப் போகிறேனே' என்று மனசு துரத்தும். கடிகாரத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும். யாரும் அந்த நேரத்தில் பார்ப்பதில்லை.

இன்னொரு கேள்வி. அந்த 46 நிமிடச் சைக்கிளை எந்த கியரில் ஓட்டினீர்கள்? கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றியது என்ற எண், உங்கள் பதிவில் சராசரி 64 என்று இருக்கிறது. பெரிய கியரைப் போட்டு, ஒவ்வொரு மிதியையும் தொடைக்குத் தண்டால் எடுப்பது போல மிதித்திருக்கிறீர்கள். ஓட்டத்துக்கு வைத்திருந்த காலை அங்கேயே செலவழித்தாகிவிட்டது. அதே தூரத்தைக் கொஞ்சம் இலகுவான கியரில், 80, 85 சுற்றில், 49 நிமிடத்தில் முடித்திருந்தால் மூன்று நிமிடம் நஷ்டம். ஓட்டத்தில் ஐந்து நிமிடமாவது திரும்பி வந்திருக்கும் என்பது என் கணிப்பு. கடைசி இரண்டு கிலோமீட்டரில் இன்னும் ஒரு கியர் இறக்கி, காலை லேசாகச் சுழல விடுங்கள். இருக்கையில் குனிந்தே இருந்த இடுப்பு, இறங்கியதும் நிமிர்ந்து ஓட வேண்டும். அதற்கு அதுதான் முன்னேற்பாடு.

ஆக, 33-க்கும் 41-க்கும் நடுவில் இருக்கும் எட்டு நிமிடம் ஒரு பிரச்சினை, ஆறு மாதமாக அந்த 33 அசையாமல் நிற்பது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் கணவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

முதல் பிரச்சினைக்கு வைத்தியம் எளிது. டிரையத்லான்காரர்கள் இதற்கு 'ப்ரிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதாவது செங்கல். இறங்கியவுடன் கால் செங்கல்லாகத்தானே இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் வரை சைக்கிளில் போய்விட்டு வருகிறீர்கள் இல்லையா? திரும்பி வந்ததும் குளித்து இட்லி சாப்பிட உட்காராதீர்கள். கிளம்பும்போதே ஓட்ட ஷூவையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்கூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஷூ மாற்றி, இரண்டு நிமிடத்துக்குள் ஓட ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. பத்து நிமிடம் போதும், போகப் போக இருபது வரை கூட்டலாம். வாட்ச்மேன் முதல் வாரம் ஏதோ விபரீதம் என்று பார்ப்பார். மூன்றாவது வாரம் பாட்டிலை அவரே எடுத்து நீட்டுவார், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆறேழு முறை செய்தால் அந்த மரக்கட்டை உணர்வு முழுதாகப் போகாது. ஆனால் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும், பதற்றம் வராது.

இரண்டாவதுதான் பொறுமை கேட்கும் விஷயம். வாரம் மூன்று முறை, ஒரே தூரம், ஒரே சாலை, ஒவ்வொரு முறையும் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். உங்கள் உச்ச வேகம் 6:36 என்றால் 7:00 என்பது கிட்டத்தட்ட பரீட்சை. வாரத்துக்கு மூன்று பரீட்சை எழுதுகிறீர்கள், பாடம் எப்போது படிப்பது? மெதுவாக ஓடி உடம்பைக் கட்டவும் அது உதவவில்லை, வேகத்தைக் கூட்டும் அளவுக்கு வேகமாகவும் இல்லை. இந்த நடுவாந்தர வேகம்தான் புதிதாக ஓட வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். நானும் ஒன்றரை வருடம் அங்கேயே கிடந்தேன்.

மெதுவாக ஓடுவது என்றால் எவ்வளவு மெதுவாக? உங்களுக்கு கிலோமீட்டருக்கு 8 நிமிடம், புழுக்கமான நாளில் 8:20. கடிகாரத்தைவிட நல்ல அளவுகோல் வாய்தான். பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்று ஆட்டோக்காரரோடு போட்ட சண்டையை முழு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். 'ஆமா', 'இல்ல' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள். கூச்சமாக இருக்கும். உங்களைவிட இருபது வயது மூத்தவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் சீடர் பீட்டர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடம்கூட ஆகாத ஓட்டம் அது. அதற்கு லிடியார்ட் ஓட வைத்தது வாரம் நூறு மைல், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் 22 மைல். அவருடைய இன்னொரு சீடர் மர்ரே ஹால்பெர்க் அதே நாளில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். உங்களுக்கு நூறு மைல் வேண்டாம். இப்போது வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், ஜனவரிக்குள் அதை 19, 20 ஆக்கினால் போதும். அவசரப்படாமல், வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம், நான்காவது வாரம் கொஞ்சம் குறைத்து.

செவ்வாய் 40 நிமிடம் மெதுவாக. வியாழன் அரை மணி மெதுவாக ஓடிவிட்டு, முடிவில் நூறு நூறு மீட்டராக நான்கைந்து முறை எட்டி அடி வைத்துக் கொஞ்சம் வேகமாக ஓடுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இல்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல. சனிக்கிழமை கொஞ்சம் நீளம்: முதலில் 45 நிமிடம், பிறகு கூட்டிக் கூட்டி ஒரு மணி நேரம். ஞாயிறு செங்கல். ஆறு வாரம் இப்படியே போகட்டும். அதற்கப்புறம் வியாழக்கிழமையை மட்டும் மாற்றி, 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, மறுபடி 400 என்று ஆறு முறை. அது கிலோமீட்டருக்கு 6:15 வேகம். ஆறாவது முறையும் முதல் முறை போலவே வர வேண்டும், கடைசியில் செத்துப் பிழைத்தால் ஆரம்பம் அதிகம் என்று அர்த்தம். கணவர் சொன்ன 'வேகமா ஓடிப் பழகு' இங்கேதான் வருகிறது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். மனுஷர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை.

அக்டோபர், நவம்பரில் மழை உங்கள் அட்டவணையைக் கெடுக்கும். ஈ.சி.ஆரில் தண்ணீர் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை விட்டுவிட்டு, படிக்கட்டில் கெண்டைக்காலுக்குப் பயிற்சி செய்யுங்கள்: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை ஏற்றி, மெதுவாக இறக்கி, பதினைந்து முறை, மூன்று சுற்று.

கால் வலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நீச்சலும் சைக்கிளும் உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் தயார்படுத்திவிட்டன. ஆனால் இரண்டிலும் தரையில் அடி விழுவதில்லை, எலும்பும் தசைநாரும் இன்னும் பழைய நிலைமையில்தான் இருக்கின்றன. மூச்சு 'போகலாம்' என்கிறது, கால் 'பொறு' என்கிறது. வலி எலும்பின் உள்ஓரமாக நீளவாக்கில் பரவி இருந்தால், இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மெதுவாக ஓடத் தொடங்கினாலே பெரும்பாலும் அடங்கும். விரல் வைத்து 'இங்கேதான்' என்று ஒரே புள்ளியைக் காட்ட முடிந்தால், அல்லது படுக்கையிலும் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அப்புறம், அலை ஓரத்து ஈர மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சரிவில் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும், வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு மாதமாக வேகம் ஏறாத பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும், அதாவது உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவும், பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அறிக்கையை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். பயிற்சி முழுக்க ஐந்தரை மணி இருட்டில், போட்டியில் ஓட ஆரம்பித்ததோ 7:45 வெயிலில். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர காய்வதில்லை, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். 2016-ல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில், உலக டிரையத்லான் தொடரின் கடைசிப் போட்டியில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வெக்கை தாங்காமல் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், ஒலிம்பிக் சாம்பியன், தன் போட்டியை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். தங்கம் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமனுக்குப் போனது. அவர்களுக்கே அந்தக் கதி. ஜனவரியில் வெயில் கொஞ்சம் கருணை காட்டும்தான், ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஓட்டத்தை ஏழரைக்குத் தள்ளி வையுங்கள். வெறும் காபியோடு போட்டிக்குப் போனதாக எழுதாவிட்டாலும் யூகிக்கிறேன். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ, சைக்கிளில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில். சைக்கிளில் குடிப்பது சுலபம், ஓடிக்கொண்டே குடித்தால் மூக்கில் ஏறும்.

கார்பன் ஷூ வேண்டாம். 33 நிமிடக் கால்களுக்கு அது இருபதாயிரத்துக்குத் தகுந்த வேலை செய்யாது, கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் சுமை மாறும், வலி இருக்கும்போது அந்தப் பரிசோதனை எதற்கு? ஷூ மாட்டும் நேரம் மிச்சமாக, முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான்.

ஜனவரிப் போட்டிக்கு மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் கிலோமீட்டர் 7:20-க்குக் கீழே வரக் கூடாது. மூன்றாவது வரை அப்படியே. நான்காவதில் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம், அதற்கு முன்னால் கூடாது. கணக்குப் போட்டால் 36 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும்.

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகு ஹெல்மெட்டைக் கழற்ற மறக்காதீர்கள். என் முதல் போட்டியில் நான் இருநூறு மீட்டர் அதோடுதான் ஓடினேன். தலை ஏன் இவ்வளவு சுடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கொடுக்க நின்ற பையன் ஒருவன் கத்தினான்: "அங்கிள், வண்டிய விட்டுட்டு வந்துட்டீங்க!"