தொழிற்சாலைகள் அருகே வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா ஏன் அதிகம் வருகிறது?

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவர் நாள்பட வீங்கியிருக்கும் நிலை. புகை, தூசி, சளிக்காய்ச்சல் என ஏதாவது சீண்டினால் குழாய் இன்னும் சுருங்கி, இருமலும் இழுப்பும் வரும். இரவிலும் விடியற்காலையிலும் தொல்லை கூடும்.

வடசென்னையின் எண்ணூர், மணலியை எடுத்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, நிலக்கரித் தூசி, கன்டெய்னர் லாரிப் புகை எல்லாம் ஒரே பக்கம். நிலக்கரி எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சட்டென்று சுருக்கும். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத நுண்துகளோ மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 40. அதனால் ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்ற பேச்சு எனக்கு நிம்மதி தருவதில்லை.

சரி, குழந்தைகளை மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்று பெரியவர்களைவிட அதிகம். குழாயும் குறுகல். அகலமான ஸ்ட்ரா லேசாக நசுங்கினாலும் இளநீர் வரும். மெல்லிய ஸ்ட்ரா அதே அளவு நசுங்கினால் உறிஞ்சவே முடியாது. குடும்பத்தில் ஆஸ்துமா, குறைமாதப் பிறப்பு, வீட்டுக்குள் பீடி, கொசுவர்த்திப் புகை, ஈரச்சுவரின் பூஞ்சை இருந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

அப்புறம், இன்ஹேலர் பழகினால் விட முடியாது என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அது அடிமையாக்கும் மருந்தல்ல, நேராக நுரையீரலுக்கே போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த மருந்தே போதும்.