பார்னவேர்ன் கடிதம் வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருந்தீர்கள். குளிர் உடுப்பு எங்கே மலிவு, மொழி வகுப்பில் எப்போது சேரலாம், மகனின் பள்ளிக்கூடம் நோர்வேயின் பிள்ளைப் பாதுகாப்புத் துறையான பார்னவேர்னுக்கு அறிவித்துக் கடிதம் வந்திருக்கிறதே, பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா. முதல் இரண்டையும் ஒஸ்லோவில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கந்தர்மடத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியை வாசித்ததிலிருந்து மனம் வேறு ஒன்றிலும் போகவில்லை.

முதலில், ஓடாதீர்கள். இரவோடு இரவாக லண்டனுக்குப் போ என்று சொல்ல எங்கள் ஆட்களில் நாலு பேர் வருவார்கள். வெள்ளைக்காரன் தமிழ்ப் பிள்ளைகளைப் பறிக்கிறான் என்று கோயிலில் நின்று கதைக்கிறவர்களும் அவர்கள்தான். முப்பது வருஷம் அங்கே இருந்தும் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருக்கமாட்டார்கள்.

நடப்பது இதுதான். வந்த அறிவித்தலை ஒரு கிழமைக்குள் பார்க்கவேண்டும். விசாரணை என்றால் வழக்கமாக மூன்று மாதத்துக்குள் முடிக்கவேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பது வீட்டோடு செய்கிற உதவியும் ஆலோசனையும்தான். அவசர ஆபத்து இல்லையென்றால், வீட்டுக்கு வருகிற உத்தியோகத்தர் தன் எண்ணத்துக்குப் பிள்ளையை எடுக்க முடியாது. அதை ஒரு தனி மன்று விசாரிக்கும், உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். பிழையே விடாத இடம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தாயையும் மகனையும் பிரித்த வழக்கில், 2019 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமே நோர்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதனால் உங்கள் உரிமையை வாய் திறந்து கேளுங்கள்.

ஆனால் அடித்தீர்களா என்று கேட்டால் பொய் சொல்லவேண்டாம். பிள்ளைக்குக் கை வைப்பதை நோர்வே 1987 இலேயே தடுத்துவிட்டது. ஊரில் இப்படித்தான் வளர்ப்போம் என்பது அங்கே எடுபடாது. இலங்கையிலும் இப்போது 1929 என்ற சிறுவர் உதவி எண்ணுக்கு அழைத்து ஒரு பிள்ளை தானே முறையிடலாம்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். தெரிந்த ஆள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நான் பட்டு அறிந்தது இது. 1986 இல் போனவன் நான், வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஃபக்டரியில் வேலை. 1995 மாரிகாலம், மகனுக்கு எட்டு வயது. வாய்ப்பாடு பிழைத்ததற்குப் பெல்ட்டால் அடித்துவிட்டேன். நீச்சல் வகுப்பில் தொடையில் இருந்த தழும்பை டீச்சர் கண்டுவிட்டார். இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி, பனி சொட்டாமல் பேப்பரில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் என்னோடு மீன் வெட்டுகிறவர். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, கையால் லேசாகத் தட்டினாராம் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜியனில், இல்லை, பெல்ட் என்று நானே திருத்தினேன். அடுத்த கிழமை அங்கேயிருந்த தமிழர் எல்லோருக்கும் கதை தெரியும்!

அந்தப் பெண்களில் மூத்தவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, உங்களுக்கு ஆர் அடித்தது என்று கேட்டார். அதுவரை என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. ஐயாவைப் பற்றிச் சொன்னேன். வேலியில் கிளுவங்கம்பு முறிகிற சத்தம் கேட்டாலே நானும் தம்பியும் கிணற்றடிக்கு ஓடுவோம். எங்களில் ஆர் பிழை செய்தது என்றுகூட யோசிக்கமாட்டோம். இப்போது அக்கா வீட்டில் அந்த வேலி இல்லை, மதில் கட்டிவிட்டார்கள்.

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து, மீன் மணத்தோடேயே அவர்களின் ஆலோசனைக்குப் போனேன். மகனுக்கு அதன்பிறகு நான் கை ஓங்கவில்லை. ஆனாலும் வேலையால் வந்து உடுப்பு மாற்றப் பெல்ட்டைக் கழற்றும்போது, அவன் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அது நிற்க இரண்டு வருஷம் எடுத்தது.